பதினான்காவது ஃபைலை விட்டவன்

மருத்துவமனையின் வெள்ளி விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி, போன மாதம் ஆனையூரில் என் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்டார்கள். "நல்ல நினைவுகளா இருக்கட்டும் சார். உங்க போட்டோவும் ஒண்ணு வேணும்" என்றார் வந்த பெண். போட்டோ உடனே கொடுத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது நல்ல நினைவுகள் அரைப் பக்கத்தில் தீர்ந்துபோயின. அதிலும் பாதி, கேன்டீன் கேசரியைப் பற்றியது. மலருக்கு அந்த அரைப் பக்கம் போய்விட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பழங்காநத்தத்தில் இருக்கும் அந்தத் தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. டாக்டர்கள் என்னைப் பிரிண்டர் சரிசெய்பவன் என்று நினைத்தார்கள். வாட்ச்மேன் என்னை ஏசி மெக்கானிக் என்று நினைத்தார், ஏனென்றால் கட்டடத்திலேயே அதிகம் குளிர்கிற அறை என்னுடையது. உண்மையில் நான் பார்த்துக்கொண்டது டேட்டாபேஸை. நோயாளியின் பெயர், ரத்தப் பிரிவு, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, என்றைக்கு என்ன அறுவை, எல்லாம் அதற்குள் இருந்தன. அது தொலைந்தால் மருத்துவமனைக்கு ஞாபகமே போய்விடும்.

தொழில் கற்றுக்கொண்ட கதை சின்னது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்து வந்தவன் நான். சென்னையில் ஆறு நாள் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் சர்வர் அறைச் சாவியைக் கையில் கொடுத்து, "இனிமே நீங்கதான்" என்றார்கள். அவ்வளவுதான்.

அந்த டேட்டாபேஸோடு சேர்ந்தே ஒரு பேக்கப் கருவி வரும். எந்த ஃபைலை நகலெடுக்க வேண்டும், எது மாறியிருக்கிறது, எது கெட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பல வருடம் அதைத்தான் பயன்படுத்தினேன். நிர்வாக மேலாளராகச் சௌந்தரபாண்டியன் சார் வந்து சேரும் வரைக்கும்.

சார் கெட்டவர் இல்லை. ஒழுங்கானவர். அவருடைய ஒழுங்குக்குள் நிற்காத எதுவும் உலகத்தில் இருக்கக் கூடாது என்று நினைப்பவர், அவ்வளவுதான். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். பச்சை மையில் எழுதினால் அனுமதி, சிவப்பில் எழுதினால் மறுப்பு. நீலத்தில் எழுதினால் என்ன அர்த்தம் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். யார் எந்த விஷயத்தைச் சொல்லப் போனாலும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் கேட்பார். கேட்டு முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது எழுத்துல இருக்கா?" என்பார்.

வந்த மூன்றாவது மாதம், பயன்படுத்துகிற ஒவ்வொரு மென்பொருளுக்கும் வாங்கிய பில்லைக் காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். நானும் பட்டியல் கொடுத்தேன். மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"முருகேசன், இந்த ஏழாவது ஐட்டம், பேக்கப் கருவி. இதுக்கு பில் எங்க?"

"அதுக்குத் தனி பில் கிடையாது சார். டேட்டாபேஸ் வாங்கும்போது கூடவே வருது."

"அப்ப இலவசமா?"

"இலவசம்னு இல்ல சார். பைக் வாங்கினா சைடு கண்ணாடி சேர்ந்து வருதுல்ல, அந்த மாதிரி."

"என் பைக் பில்லுல கண்ணாடி தனியாப் போட்டிருக்கான்." மேசை இழுப்பறையைத் திறந்து அந்தப் பில்லையே எடுத்துக் காட்டினார். பைக் பில்லை அலுவலகத்தில் வைத்திருக்கும் மனிதரிடம் எந்த உதாரணமும் செல்லாது.

"பில் இல்லாத சாமானை ஆஸ்பத்திரியில பயன்படுத்தக் கூடாது" என்று சிவப்புப் பேனாவை எடுத்தார். "ஆனா பேக்கப் தினமும் எடுக்கணும். அது எழுத்துல இருக்கு."

அப்படித்தான் கருவி இல்லாமல் கையால் பேக்கப் எடுக்க ஆரம்பித்தேன்.

கையால் எடுப்பது என்றால் ஃபைலைப் பிடித்து இழுத்து வேறு டிஸ்கில் போடுவது என்று பலர் நினைப்பார்கள். மூடிக் கிடக்கிற டேட்டாபேஸுக்கு அது சரி. மருத்துவமனையை மூட முடியாது. நான் நகலெடுக்கிற அதே நிமிடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ் யாருக்கோ காய்ச்சல் அளவை ஏற்றிக்கொண்டிருப்பார். அப்படி எடுத்த நகலில் முதல் பாதி பழையதாகவும் அடுத்த பாதி புதியதாகவும் இருக்கும். அது எதற்கும் உதவாது.

அதனால் முதலில் டேட்டாபேஸிடம் சொல்ல வேண்டும்: இந்தப் பகுதியை நகலெடுக்கப் போகிறேன். சொன்னவுடன், நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் லாக் ஃபைலில், அந்தப் பகுதியின் மாற்றங்களை வழக்கத்தை விட விவரமாக அது எழுத ஆரம்பிக்கும். அதன் பிறகு நகலெடுக்க வேண்டும். எடுத்ததும், முடிந்தது என்று சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் லாக் வீங்கிக்கொண்டே போகும். அந்த நிலையில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் டேட்டாபேஸ் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் செய்துவிட்டு, கடைசியாக அதுவரை சேர்ந்த லாக் ஃபைல்களையும், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைச் சுமக்கும் கன்ட்ரோல் ஃபைலையும் எடுத்துவைக்க வேண்டும். லாக் இல்லாத நகல் வெறும் எடை.

வெளிநோயாளிக் கூட்டம் வடிகிற மதியம் இரண்டரை மணிக்கு இதைத் தொடங்குவேன். பகுதிக்கு ஒன்றாக மொத்தம் பதின்மூன்று ஃபைல்கள். அவற்றின் பெயர்களை வரிசையாக எழுதி, அந்த வரிசைப்படி கட்டளைகளை ஓட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தயார் செய்திருந்தேன். கூடவே சார் கொடுத்த பேரேடு. ஃபைல் பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என் கையெழுத்து, மேலாளர் கையெழுத்து. கம்ப்யூட்டரில் நடப்பதைத் தாளில் எழுதி, அந்தத் தாளை ஸ்கேன் செய்து மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது உத்தரவு.

ஒரு நாள் சார் நேரில் வந்தார். "பேக்கப் எங்க இருக்கு? கண்ணுல காட்டுங்க." வெளிப்புற டிஸ்கை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கி எடை பார்த்தார். "நேத்து எடுத்ததும் இதுக்குள்ளயா இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். "வெயிட் கூடின மாதிரி தெரியலையே?" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பேரேட்டில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

என் பிரிவில் இருந்த இன்னொரு ஆள் ஜைனப். காஜிமார் தெருப் பக்கம் வீடு. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், என்னைவிடக் கவனமானவர். லாக் ஃபைல்களைச் சேர்த்து வைப்பதும் பழையதைக் கழிப்பதும் அவர் பொறுப்பு. முப்பது நாளுக்கு மேற்பட்ட லாக்கை அழிக்கலாம், ஆனால் மேலாளர் அனுமதி வேண்டும் என்பது விதி.

இந்தச் சமயத்தில்தான் டயாலிசிஸ் பிரிவைச் சார் காகிதமில்லாப் பிரிவாக அறிவித்தார். வாசலில் பச்சை இலை போட்ட பலகை வைத்து, உள்ளே இருந்த நோட்டுகளையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பிரிவின் விவரங்களுக்காக டேட்டாபேஸில் புதிதாக ஒரு பகுதி உருவாக்கினேன். பதினான்காவது ஃபைல். உருவாக்கி முடித்து, ஸ்கிரிப்டைத் திறந்து அதன் பெயரைச் சேர்க்கப் போனபோது போன் அடித்தது. சார் அறையில் பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டதாம். போனேன், தாளை எடுத்தேன், காபி கொடுத்தார்கள், குடித்தேன். திரும்பி வந்து வேறு வேலை பார்த்தேன்.

பிரிண்டர் மேல் பழி போடலாம். பல பேரிடம் போட்டுமிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஐந்து மாதம், தினமும் மதியம், பேரேட்டில் பதின்மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஒரு நாள்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு, ஃபைல்கள் இருந்த டிஸ்க் வரிசையில் இரண்டு ஒன்றாகச் செத்தன. ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. நான் போய்ச் சேர்ந்தபோது வரவேற்பில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மாற்று டிஸ்க் எங்கள் அலமாரியிலேயே இருந்தது, பில்லோடு. கன்ட்ரோல் ஃபைலும் நடப்பு லாக்கும் வேறு டிஸ்கில் பத்திரமாக இருந்தன. ஞாயிறு எனக்கு விடுமுறை என்பதால், வெளிப்புற டிஸ்கில் சனிக்கிழமை மதியம் எடுத்த நகல் இருந்தது. திருப்பி ஏற்ற ஆரம்பித்தேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எத்தனை பர்சன்ட்?"

"இப்பத்தான் சார் காப்பி ஆகுது. பர்சன்ட் சொல்ல முடியாது."

"சேர்மன் கேக்குறாரு. ஒரு நம்பர் சொல்லுங்க."

"நாப்பது."

போனில் சொன்னார். கால் மணி கழித்து மறுபடி கேட்டார். நாற்பது என்றேன். "அப்பவும் நாப்பதுன்னீங்க?"

"நாப்பத்திரண்டு சார்."

திருப்தியாகப் போனார்.

பதினொன்றரைக்கு நகல் ஏறி முடிந்தது. டேட்டாபேஸைத் திறக்கச் சொன்னேன். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. பதினான்காம் எண் ஃபைலைக் காணோம்.

அந்த வரியை மறுபடி படித்தேன். ஜைனப் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "இது டயாலிசிஸுல்ல அண்ணே?" என்றார். நான் பேரேட்டை எடுத்து ஐந்து மாதத்துப் பக்கங்களையும் புரட்டினேன். எந்தப் பக்கத்திலும் பதின்மூன்றுதான்.

பில் இல்லாத அந்தக் கருவி இருந்திருந்தால் பதினான்காவதை அதுவே சேர்த்திருக்கும். அதற்குப் பிரிண்டர் சரிசெய்யத் தெரியாது.

காணாமல்போன ஃபைலை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு, சனிக்கிழமைக்குப் பிறகான மாற்றங்களை லாக்கிலிருந்து ஏற்றி, மற்ற பதின்மூன்றோடு திறந்தேன். திறந்தது. வரவேற்பில் வரிசை நகர்ந்தது. சார் ஓடி வந்தார்.

"வந்துருச்சே! எல்லாம் வந்துருச்சா?"

"டயாலிசிஸ் வரல சார். அந்த ஃபைலை நான் பேக்கப்ல சேர்க்கல. என் தப்பு."

கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "பதினாலுக்குப் பதிமூணு. டிஸ்டிங்ஷன் மார்க்குதான் முருகேசன். முடிஞ்சதுன்னு சொல்லிரலாமா?"

அதற்குள் டயாலிசிஸ் பிரிவிலிருந்து சிஸ்டர் செல்வராணியின் போன். "அண்ணே, முப்பத்தோரு பேரு உக்காந்திருக்காங்க. யாருக்கு எம்புட்டு நீர் எடுக்கணும், யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் கம்ப்யூட்டர்லதான இருக்கு? பழைய ஆளுக பத்துப் பேருக்கு நான் நெனப்புலயே சொல்லிருவேன். மத்தவங்களுக்கு ஊகத்துல ஊசி போட முடியுமா?"

"மூணு மணி வரைக்கும் தாங்குமா சிஸ்டர்?"

"ரெண்டு பேருக்கு இப்பவே மூச்சு வாங்குது. அவங்கள டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு. மத்தவங்கள நான் சமாளிக்கிறேன். நீங்க வேகமாப் பாருங்க."

வழி ஒன்றே ஒன்று இருந்தது. நகலே இல்லாத ஃபைலையும், அது உருவான நாளிலிருந்து இன்று வரை ஒரு லாக்கும் விடாமல் இருந்தால், வெற்று ஃபைலாக உருவாக்கி, அதன் மேல் எல்லா மாற்றங்களையும் வரிசையாக மறுபடி நடத்திக் காட்டலாம். ஐந்து மாத லாக். ஒன்று விட்டாலும் அங்கேயே நின்றுவிடும். நம்மிடம் இருப்பதோ விதிப்படி முப்பது நாள்.

"ஜைனப், பழைய லாக் எதுவரைக்கும் அழிச்சிருக்க?"

"திட்டாதீங்கண்ணே. அழிக்கவே இல்ல."

"என்னது?"

"போன வருசக் கடைசியில அனுமதி கேட்டுக் கோப்பு வச்சேன். நீலப் பேனாவுல 'பேசவும்'னு எழுதி அனுப்பிட்டாரு. பேசப் போனா மீட்டிங்குல இருக்காரு. எட்டு வாட்டி போயிட்டேன். கையெழுத்து வராம நான் எதுலயும் கை வைக்க மாட்டேன்ல? டிஸ்க் நெறஞ்சுபோச்சுன்னு நீங்கதான் தெனமும் சத்தம் போட்டீங்க."

ஆமாம், போட்டேன். முந்தைய வெள்ளிக்கிழமைகூடப் போட்டேன்.

வெற்று ஃபைலை உருவாக்கி லாக்குகளை ஓட்ட ஆரம்பித்தோம். ஒன்றன்பின் ஒன்றாக லாக்கின் எண்ணைச் சொல்லிக் கேட்கும், எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் தாண்டி நன்றாக ஓடியது. திடீரென்று ஓர் எண்ணில் நின்றது. ஃபோல்டரில் அந்த எண்ணும் அடுத்த பதினொன்றும் இல்லை. ஜைனப் தலையில் கை வைத்தார். பிறகு எழுந்து போய்த் தன் மேசை இழுப்பறையைக் கவிழ்த்தார். ஹேர்ப்பின், மாத்திரை அட்டை, தஸ்பீஹ் ஜெபமாலை, நான்கு பென் டிரைவ். டிஸ்க் நிறைந்த ஒரு நாள், இடம் பண்ணுவதற்காகக் கொஞ்சம் லாக்கை நகர்த்தி வைத்திருக்கிறார். எதில் என்று மேலே ஒட்டுத்தாளில் எழுதியும் வைத்திருந்தார். மூன்றாவது பென் டிரைவில் பன்னிரண்டும் இருந்தன.

"யா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்றேகாலுக்குப் பதினான்காவது ஃபைல் திறந்தது. காலை எட்டேகால் வரை ஏற்றிய கடைசி வரி முதற்கொண்டு எதுவும் குறையவில்லை.

விசாரணை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபைலை விட்டதற்கு எனக்கு மெமோ வந்தது. 'தவறு என்னுடையது' என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். சார் கூப்பிட்டு, "ஒத்த வரியில எழுதுனா கோப்பை மூட முடியாது முருகேசன். ரெண்டு பக்கமாவது எழுதுங்க" என்றார். இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் பெரும்பாலும் வானிலை. விசாரணைக் குழு, பழைய பதிவுகளை அவசரப்பட்டு அழிக்காத நிர்வாகத்தின் தொலைநோக்கைப் பாராட்டியது. ஆண்டு விழாவில் சாருக்கு ஷீல்டு கொடுத்தார்கள். "பேசவும்னு எழுதினதுக்கு ஷீல்டு" என்றார் ஜைனப் என் காதில். "பேசியிருந்தா நம்ம கதை முடிஞ்சிருக்கும்ண்ணே."

கருவிக்கு அனுமதி வாங்கிக் கொடுத்ததும் ஜைனப்தான். டேட்டாபேஸ் விற்ற கம்பெனிக்காரரிடம் பேசி, பேக்கப் கருவி ஒன்று, விலை பூஜ்யம் என்று தனியாக ஒரு பில் போட்டு வாங்கிவந்தார். சார் அதை மூன்று முறை படித்துவிட்டுப் பச்சைப் பேனாவை எடுத்தார்.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இவை எதையும் அல்ல. அந்தத் திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், யாராவது நன்றி சொல்வார்கள் என்றுதான் போனேன்.

ஐம்பது வயதிருக்கும் ஒருவர் படுக்கையில் சாய்ந்திருந்தார். பெயர் பெரியகருப்பன், அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி, காலை முதல் பஸ்ஸில் வந்தவர். சிஸ்டர் திரையைப் பார்த்து வாசித்தார்: "உங்க எடை அம்பத்தி நாலு கிலோவுல நிக்கணும். சரியாண்ணே?"

நீர் எடுத்து முடிந்ததும் உடம்பு நிற்க வேண்டிய எடை அது. அதை வைத்துத்தான் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வார்கள்.

"அம்பத்தி நாலு இல்லத்தா" என்றார் அவர். "ஒடம்பு எளச்சுப்போச்சு, இனிமே அம்பத்தொண்ணரைன்னு பெரிய டாக்டர் போன மாசமே சொன்னாரே. உங்ககிட்டயும் சொன்னேன். நாலு வாட்டியா வீட்டுக்குப் போனா படுக்க முடியல, மூச்சு வாங்குது. மெஷின் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்."

சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. "ஏத்துறேன்னு சொன்னேன்... ஏத்தாம விட்டுட்டேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு. ஒரு புள்ளி மாறாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தேன்.

சிஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டு எண்ணைத் திருத்தினார். பிறகு யாரும் யாருக்கும் சொல்லாமலே நாங்கள் இருவரும் அடுத்த படுக்கைக்குப் போனோம். அதற்கடுத்த படுக்கைக்கும். முப்பத்தோரு பேரிடமும் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டோம். கேட்டு முடிக்க ஆறு மணி ஆனது.

நான்கு பேருக்குத் தப்பாக இருந்தது. அந்த நான்குக்கும் டிஸ்க் காரணம் இல்லை. அவற்றைப் பற்றி விசாரணைக் குழு எதுவும் கேட்கவும் இல்லை.